பேரிங் சத்தம்

“மோட்டார் பேரிங் போகப்போகுது சார். மொத்த லைனையும் நிறுத்துங்க!” என்றார் பராமரிப்பு எஞ்சினியர்.

மேனேஜர் குதித்தார். “சாயங்காலத்துக்குள்ள சரக்கு ஏத்தணும், விளையாடுறீங்களா? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே!”

“கீச்னு ஊசி மாதிரி குத்துது சார். போன வருஷமும் உங்களுக்குக் கேக்கலை. அப்புறம் பேரிங் சிதறிக் கூரையைப் பொத்துக்கிட்டுப் போச்சே, மறந்துட்டீங்களா?”

மேனேஜர் கூரையில் ஒட்டுப் போட்டிருந்த தகட்டை அண்ணாந்து பார்த்தார். ஃபிட்டர் மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான்.

“இத்தனை வருஷமா இந்தக் காதை வச்சுத்தான் பிழைக்கிறேன். நிறுத்தலைன்னா யார் உயிராவது போகும். அப்புறம் உங்க இஷ்டம்!” என்றார் எஞ்சினியர்.

“நிறுத்தித் தொலைங்க! ஒண்ணுமில்லேன்னா, நாளையிலிருந்து நீங்க வீட்டுலதான்.”

ஃபிட்டர் சுவிட்சை இறக்கினான். மோட்டார் முனகி ஓய்ந்தது. ஒவ்வொரு மெஷினாக அடங்கியது. மூலையில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

“அப்பாடா! நின்னுடுச்சா சார் உங்க சத்தம்?” என்றான் ஃபிட்டர்.

எஞ்சினியர் மெல்ல இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

கீச்சென்று, இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது.