பெயர் சொன்னால்தான் குட்டி

ஒபுயா கடைசியாகச் செய்த காரியம், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உப்பு கொண்டுபோனது.

"உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லு" என்றாள் அவனுடைய மூத்த மனைவி அபொண்டி. அவன் முற்றத்தைக் கடந்து இளையாள் அகோத்திடம் வந்து, "உப்பு தீந்துபோச்சாம்" என்றான். அவள் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனான்.

படகு மட்டும் கரைக்கு வந்தது.

சக்களத்திகள் இருவரும் அதற்கு ஆறு வருஷம் முன்பே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி, மூத்தாள் முதல் விதை போடாமல் வீட்டு நிலத்தில் வேறு யாரும் விதைக்கக் கூடாது. அகோத் கல்யாணமாகி வந்த வருஷம், முதல் மழை பெய்தபோது அபொண்டி பிறந்த வீட்டில் இருந்தாள். ஈரம் வீணாகிறதே என்று அகோத் ஒரு கை மக்காச்சோளத்தை மண்ணில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எல்லாத் தூதும் ஒபுயாதான். அவன் போனபின் தூதும் போயிற்று.

ஒன்றரை வருஷம் கழித்து, "லிஸா அம்மா, உனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாம், மாமரத்தடிக்கு வா" என்று ஆள் வந்தபோது அகோத் நம்பவில்லை.

கிசுமு நகரத்து அறக்கட்டளைக்காரர்கள் போன வருஷம் ஊரில் பன்னிரண்டு விதவைகளுக்கு ஆளுக்கொரு பால் ஆடு கொடுத்திருந்தார்கள். அபொண்டிக்கும் ஒன்று. ஆடு வாங்கியவர்கள் வைத்த விதவைகள் சங்கத்தில், அவள் இருக்கிறாள் என்பதாலேயே அகோத் சேரவில்லை.

ஆடு ஈனும் முதல் பெட்டைக் குட்டி, பால்குடி மறந்ததும், ஆடில்லாத இன்னொரு விதவைக்குப் போக வேண்டும். சபை நடுவில் அவள் பெயரைச் சொல்லிக் கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லாமல் கொடுத்தால் நாளைக்கே, "மேய்க்கத்தானே விட்டேன்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் பெயர் சொன்னால்தான் குட்டி.

சீட்டுக் குலுக்கியதில் தன் பெயர் விழுந்திருக்கும் என்று அகோத் நினைத்துக்கொண்டாள். அதை அபொண்டி வாயால் சொல்ல வேண்டுமே என்பதுதான் இடித்தது. குட்டி வளர்ந்து ஈன்றால் லிஸாவுக்குப் பால். பால் இல்லாத தேநீரைக் கண்டாலே அந்தப் பிள்ளை ஊரைக் கூட்டுகிறது.

மாமரத்தடியில் அபொண்டி நின்றாள். ஒரு கையில் தாயாட்டின் கயிறு, இன்னொரு கையில் குட்டியின் கயிறு.

"ஏ குட்டி" என்றாள் அபொண்டி, கீழே குனிந்து. "அந்த வீட்டுக்குப் போ."

"குட்டிக்கு வழி தெரியும்மா" என்றாள் சங்கத் தலைவி ரோஸ்லிடா. "நீ பேரைச் சொல்லு."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எங்களுக்குத் தெரியாது."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என் புருஷன் ரெண்டாவதா கட்டுனவ."

"உன் புருஷன் எத்தனை கட்டுனான்னு சங்கத்துல எண்ணி வைக்கல."

"லிஸாவோட அம்மா."

"ஊர்ல மூணு லிஸா இருக்கு. எந்த லிஸா?"

"மூக்கு ஒழுகுற லிஸா."

"மூணுக்கும் ஒழுகுதுடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். மாமரத்துக் காக்கைகள் பறந்தன.

ரோஸ்லிடா விரலை உயர்த்தினாள். "இன்னும் ஒரே தடவதான் கேப்பேன். இல்லேன்னா குட்டி நெரியாவுக்கு."

ஆடும் பிள்ளையும் இல்லாத விதவை நெரியா உடனே எழுந்து பாவாடைத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

அகோத் தரையைப் பார்த்தாள். அபொண்டி வாயில் தன் பெயர் வராது. தெரிந்த கதைதான். நெரியாவாவது நன்றாக இருக்கட்டும்.

"அகோத்."

சோற்றில் கடிபட்ட கல்லைத் துப்புவது போல்தான் அபொண்டி சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

பிள்ளை பெற்றவளை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அகோத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே வாய் ஏரியோடு போயிற்று. ஒன்றரை வருஷத்தில் இப்போதுதான் அவள் தன் பெயரைக் கேட்கிறாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

"போடி, வாங்கு!" என்று நெரியாவே அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். குலவைச் சத்தம் மரத்தை உலுக்கியது.

கயிறு கைமாறியது. விரல்கள் படாமல் பார்த்துக்கொண்டார்கள். அபொண்டி தாயாட்டை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அகோத் ரோஸ்லிடாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "சீட்டுல என் பேரு வந்தது ஒங்க புண்ணியம், தாயி."

"சீட்டா? எந்தச் சீட்டு?" ரோஸ்லிடா சிரித்தாள். "யாருக்குன்னு குடுக்குறவதான் சொல்லணும். ஆடு சினையா இருக்கும்போதே வந்து சொல்லிட்டுப் போயிட்டா உன் மூத்தா. 'அந்த வீட்டுப் புள்ள பால் கேட்டு அழுதே என் தூக்கத்தக் கெடுக்குது'ன்னா. அன்னிக்கும் பேரு மட்டும் வாயில வரல."

அகோத் எதையோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள், தாயைக் காணாத குட்டி கத்திக்கொண்டு பாய்ந்தது. கயிற்றைப் பிடித்தபடி அவளும் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

பாதி வழியில் குட்டி தாயைப் பிடித்து, அதன் விலாவில் ஒட்டிக்கொண்டது. ஒற்றையடிப் பாதை. இரண்டு ஆடுகளும் உரசிக்கொண்டு நடந்ததால், கயிறு பிடித்திருந்த இரண்டு பெண்களும் தோள் உரசித்தான் நடக்க வேண்டியிருந்தது.

வீட்டு வேலியருகே பாதை அகன்ற பிறகும் இருவரும் விலகி நடக்கவில்லை.