வகுபடும்

உள்ளறையில் கம்ப்யூட்டரின் இரைச்சல் நின்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

மகள் மாரிச்செல்வி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். மற்றபடி பேசுவாள்.

எண்களைப் பற்றி.

சாயங்காலம் தாய்மாமன் வருகிறார். ஒரு காரணமாவது சொல்லட்டும், இல்லையென்றால் நானே காரில் ஏற்றிக்கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிடுவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

மகள் பல நாளாகக் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு எண்ணைச் சோதிக்கிறாள். பகா எண்ணா என்று. அம்மா காதில் அது பகை எண் என்று விழுந்திருந்தது. மாப்பிள்ளைக்கும் இவளுக்கும் பகை எண்ணாக்கும், காரணம் தன்னால் வெளியே வரும் என்று நினைத்தாள். மாப்பிள்ளையின் பிறந்த தேதியைக்கூடக் கேட்டுவாங்கிக் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் செல்வி சிரித்தாள். வந்த பிறகு முதல் சிரிப்பு.

பகை இல்லை அம்மா, பகா. ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறு எதாலும் வகுபடாதது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண். எழுதினால் நான்கு கோடி இலக்கம் வரும். ஊர் உலகமெல்லாம் ஆளுக்கு ஒன்றை வாங்கி இப்படிச் சோதிக்கிறார்களாம்.

வேலையற்றவர்கள் எல்லா தேசத்திலும் இருக்கிறார்கள் போல என்று அவள் சொன்னதற்கு, இன்னொரு சிரிப்பு.

இப்போது விடை வந்துவிட்டது.

பகா எண் இல்லை. வகுபடும்.

பிள்ளை இதையாவது பிடித்துக்கொண்டிருந்தாளே.

எதால் வகுபடுமாம் என்று மெல்லக் கேட்டாள். தெரியாது என்றாள் செல்வி. இந்தச் சோதனை அதைச் சொல்லாதாம்.

"எதாலன்னு தெரியாம, பிரியும்னு மட்டும் எப்படிட்டி சொல்ல முடியும்?"

"சொல்லலாம்மா. கணக்குல அது தப்பில்ல."

சொன்னவள் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். அடிக்கானா? குடிக்கானா? வேற எவளும் இருக்காளா? ஒண்ணு சொல்லணும்லா.

அவள் நிலைப்படியில் நின்றாள். நகரவில்லை.

"காரணம் தெரியாதுண்ணே. ஆனா எம்மக நல்லாப் போட்டுப் பாத்துட்டா. ஒத்து வராது. காரை அனுப்பிட்டு உள்ள வாங்க, காப்பி போடுதேன்."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சி இப்படி அவரை மறித்து நின்றதே இல்லை.

அவளும் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு டிரைவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, சீனி கம்மியாப் போடு என்றார்.