முதல் ஊசி யாருக்கு?

"ஊசி போடுவீங்கன்னா நான் இப்பவே எழுந்து போயிடுவேன் டாக்டரம்மா!"

வாயைக் கோணிக்கொண்டு குழறினாள் கமலாட்சி. இடது கன்னம் கொழுக்கட்டையாக உப்பியிருந்தது.

பக்கத்தில் நின்ற கணவர் குமாரசாமிக்கு மனசு கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர்கள். அவள் தும்மினால் இவருக்கு மூக்கு அரிக்கும்.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலம்மா. பிள்ளையார்பாளையத்துலேர்ந்து கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டியாந்தேன். இங்க வந்து இந்த ஆட்டம் ஆடுறா."

பல் டாக்டர் சங்கீதா சிரித்தாள். "வலிக்காமப் போடுறேன்மா. நம்புங்க."

"எல்லாரும் இப்டித்தான் சொல்வாங்க. யாருக்காவது போட்டுக் காட்டுங்க. கண்ணால பார்த்தாதான் நம்புவேன்."

"இன்னா கமலா, சின்னப் புள்ளையாட்டம்! சரி, எனக்குப் போடுங்கம்மா. அவ பாக்கட்டும்."

"நல்லா இருக்கிற பல்லுக்குச் சும்மா ஊசி போட முடியாதுங்களே!"

குமாரசாமி மனைவியின் கன்னத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கும் மேல கடவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தைதான். அதைப் புடுங்கிடுங்க. இவ தைரியமா உக்காந்தா போதும்."

சொல்லிவிட்டாரே தவிர, நாற்காலியில் ஏறியதும் கை இரண்டும் அதன் பிடியை விடவே இல்லை.

சங்கீதா ஈறில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி இரண்டு நிமிடம் காத்திருந்தாள். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாள். பிறகு அவர் கன்னத்தைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே ஏதோ செய்தாள்.

"அவசரமா ஏத்துனாதாங்க வலிக்கும். சொட்டுச் சொட்டா விட்டா தெரியாது."

அவள் கையை எடுத்ததும், "சரிம்மா, எப்போ போடுவீங்க?" என்றார்.

"போட்டாச்சுங்க."

"அட! கமலா, எறும்பு கடிச்ச அளவுகூட இல்ல!" குமாரசாமிக்கு முகமெல்லாம் பல்.

அதில் ஒன்று பத்து நிமிடத்தில் தட்டில் விழுந்தது. பஞ்சைக் கடித்தபடி இறங்கி வந்தவர், 'நீ போ' என்று மனைவிக்குக் கையைக் காட்டினார்.

கமலாட்சி நகரவில்லை. வாய்க்குள் விரலை விட்டு, நனைந்த பட்டுநூல் உருண்டை ஒன்றை வெளியே எடுத்தாள். கன்னம் சட்டென்று வற்றிப்போனது.

"என் பல்லுக்கு ஒண்ணுமில்ல. தறியில நாடாக்கட்டையைத் தள்ளும்போதெல்லாம் நீங்க பல்லைக் கடிச்சுக்கினு கண்ணைத் தொடைக்கிறது, பக்கத்துல இருக்கிற எனக்குத் தெரியாதா? ஊசிக்குப் பயந்துக்கினு மூணு மாசமா மறைச்சீங்க. எனக்காகன்னா உக்காருவீங்கன்னுதான் டாக்டரம்மாகிட்ட நேத்தே சொல்லி வச்சேன்."

திட்டுவதற்கு வாயைத் திறக்கப்போன குமாரசாமியைச் சங்கீதா தடுத்தாள்.

"ஒரு மணி நேரத்துக்குப் பேசக் கூடாதுங்க."