ஆற்றில் விழுந்த சாம்பிராணி

வள்ளத்துக்கு எஞ்சின் பொருத்திய மெக்கானிக் இஸ்ரவேல் ஓடி வந்த வேகத்தில், மைமூன் பீவியின் கையிலிருந்த சாம்பிராணிச் சட்டியைத் தட்டிவிட்டான். தணலும் புகையுமாக அது ஆற்றில் போய் விழுந்தது.

தேங்காய்ப்பட்டணம் கடவில், அந்தப் படகுத்துறையில், கூடியிருந்தவர்கள் பதறி ஓடி வந்தார்கள்.

1934-ல் அந்தக் கடவுக்கு வந்த முதல் எஞ்சின் வள்ளம் அது. மகன் அலி அக்பர்தான் ஓட்டப்போகிறான் என்றதிலிருந்து மைமூன் பீவிக்கு உறக்கமில்லை. பெரியவர் தங்ஙள் மந்திரித்து ஓதிக் கொடுத்த செப்புத் தகட்டை, யாரையும் நம்பாமல், நேற்றுத் தன் கையாலேயே வள்ளத்தின் பின்பலகையில் அடித்து வைத்திருந்தாள். இன்று பாத்திஹா ஓதிச் சாம்பிராணி காட்டும்போது இப்படி ஒரு அபசகுனம்!

"என்னலே செய்தே? வேதக்காரனுக்கு அவ்வளவு திமிரா?" அலி அக்பர் அந்தக் கிறிஸ்தவ மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"பொறவு அடி மக்கா. பெட்ரோல் மணம் மூக்குல ஏறல்லியா?"

"எஞ்சின் வள்ளம்னா மணக்கத்தான் செய்யும்!"

"அந்தத் தட்டுப் பலகையத் தூக்கிப் பாரு."

அலி அக்பர் தூக்கினான். அடியில் பெட்ரோல் தேங்கிக் கிடந்தது.

ஒரு பொறி போதும். தன் கைத் தணலே தன் பிள்ளையைக் கொன்றிருக்கும். மைமூன் பீவி பயத்தில் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்ரோல் டாங்கிய வச்சது நீதானே ஓய்?" என்றது கூட்டம்.

இஸ்ரவேல் பின்பலகைக்கும் அதை ஒட்டியிருந்த டாங்கிக்கும் நடுவே கையை விட்டுத் தடவினான். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு மைமூன் பீவியை ஒரு தடவை பார்த்தான்.

"எனக்க தப்புதான். பைப்பு மூட்ட இறுக்க மறந்துட்டேன்."

"பாவி! இனி ஒருத்தனும் ஒன்ன வேலைக்கு விளிக்கமாட்டான்," என்று கத்திவிட்டுப் போனான் அலி அக்பர். கூட்டமும் காறித் துப்பிவிட்டுக் கலைந்தது.

இஸ்ரவேல் டாங்கியைக் காலி செய்து, கழற்றிக் கரையில் வைத்தான். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று மைமூன் பீவி எழுந்து வந்தாள்.

பைப்பு மூட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. டாங்கியின் பக்கவாட்டில் ஆணி முனை அளவுக்கு ஓர் ஓட்டை.

அவன் பின்பலகையிலிருந்து செப்புத் தகட்டைப் பிடுங்கி, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"ஆணி நல்ல நீளம் உம்மா, பலகைக்கு அந்தப்பக்கம் டாங்கிய தொளச்சிட்டுது. இனி இத முன்பக்கம் அடியுங்கோ. மகன்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."