பொறுமைக்காரர்

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையைப் பார்த்து மனைவி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்ற போட்டோக்காரனுக்குச் சுருக்கென்றது.

"படத்தையெல்லாம் சின்னதாக்கி, பேரு மாத்தி, வரிசையா அடுக்கிட்டேன்," என்றாள்.

போன மாதம்வரை ஒரு கட்டளையை ஒழுங்காகத் தட்டத் தெரியாதவள். அவன்தான் சொல்லித்தர உட்கார்ந்தான். இரண்டாவது தப்பிலேயே, "இதுகூடவா மண்டையில ஏறல?" என்று எரிந்து விழுந்தான். அன்றோடு அவனிடம் கேட்பதை அவள் விட்டுவிட்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒருத்தர். தினம் கொஞ்சங்கொஞ்சமா. எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்."

அந்தக் கட்டளைகள் ஊரெல்லாம் கிடைப்பவை அல்ல. கல்யாணத்துக்கு முன்பு ஸ்டூடியோவுக்கென்று அவனே உண்டாக்கியவை. அவை தெரிந்த இன்னொரு ஆள் பழைய கூட்டாளிதான். அந்த மனிதனுக்குப் புரியவைக்க மாய்ந்து மாய்ந்து விளக்கம் எழுதிய காலம் ஒன்று உண்டு. பிறகு சண்டையாகி, பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று.

"நான் வெளிய போனப்புறந்தானே இந்தப் பாடமெல்லாம்?"

"ஆமா. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கை ஓடாது."

"அப்படி என்னத்தச் சொல்லிக் கிழிச்சான்?"

"'தப்பாத் தட்டிட்டோமேன்னு பயப்படாதீங்க, பழைய படம் பத்திரமா இருக்கும். ஒரு டீ குடிச்சிட்டு வந்து மறுபடி தட்டுங்க'ன்னார்." சொல்லும்போதே மறுபடி சிரிப்பு. "இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் குடுத்துவச்சிருக்கணும்."

கூட்டாளிதான் மணிக்கொரு டீ குடிப்பவன். இனி சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"அந்த ஆள் வேணுமா, நான் வேணுமா, இப்பவே சொல்லு," என்றான்.

அவள் கட்டளையின் பெயரைத் தட்டி, பக்கத்தில் 'உதவி' என்று சேர்த்தாள். திரை முழுக்க வரிவரியாகத் தமிழ் இறங்கியது. தப்பாத் தட்டிட்டோமேன்னு பயப்படாதீங்க என்ற வரியில் விரலை வைத்தாள்.

"எழுதினது நீங்கதானே? எங்கிட்ட பேசறப்போ மட்டும் இவர் எங்கங்க போயிடறார்?"