அம்மா கைச் சுறாப் புட்டு

"இன்னைக்கும் சரியா வரலன்னா அம்மாவ இங்கயே கூட்டினு வந்துடுவேன். சொல்ட்டேன்."

அப்போது அந்த அடையாறு வாடகை வீட்டில் இருந்தவர்கள்: இதைச் சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்ட பிரசாத், அடுப்புக்கு முன்னால் நின்ற அவன் மனைவி ஜாஸ்மின், அவளுக்குத் துணையாக வந்திருந்த எதிர்வீட்டு புஷ்ரா, அப்புறம் அரைக் கிலோ வான்கோழிக் கைமா. கடைசியாகச் சொன்னது வீட்டுக்குள் வந்திருப்பது பிரசாத்துக்குத் தெரியாது.

பிரசாத்தின் அம்மா தேசம்மா, நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்பவள். அவள் செய்யும் சுறாப் புட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரசாத்துக்குக் குரல் தழுதழுக்கும். கல்யாணமானதிலிருந்து ஜாஸ்மினும் நல்ல பால் சுறாவாகத் தேடி வாங்கி, வேகவைத்து, உதிர்த்து, வதக்கிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அவன் ஒரு வாய் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவான்.

"இது சுறாவே இல்ல. எவனோ உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

ஓட்டலில் சாப்பிட்டாலும் இதே தீர்ப்புதான்.

இன்றைக்கு ருசி பார்க்க அம்மாவையே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். இருப்பது ஒரே படுக்கையறை. மாமியார் குடிவந்தால் ஜாஸ்மினுக்கு ஹால்தான். அதுகூடப் பரவாயில்லை; அப்புறம் அந்த அடுப்பு அவளுடையதாக இருக்காது. இந்த லட்சணத்தில் மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. கடை கடையாக ஏறி இறங்கியும் சுறா கிடைக்கவில்லை.

"நான் தோசைக்கு வதக்கலாம்னு வாங்கி வெச்சது இது," என்று புஷ்ரா கிசுகிசுத்தாள். "வெந்தா வெள்ளையா உதிரும். பாக்க அப்படியே சுறாதான்."

"மீன் வாடைக்கு?"

"அதுக்கு நான் எங்க போவேன்?"

ஜாஸ்மின் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அலமாரியிலிருந்த டப்பாவைத் திறந்து, நெத்திலிக் கருவாட்டை ஒரு பிடி எடுத்துக் காய்ந்த எண்ணெயில் போட்டாள். வாடை எண்ணெயில் இறங்கியதும் கருவாட்டை அரித்தெடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

"அடிப்பாவி! நீ பேங்க் வேலைக்குப் போயிருந்தா பேங்க்கே மிஞ்சியிருக்காது."

அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், மஞ்சள். அதன் மேல் கைமா. கரண்டியின் முதுகால் இடித்து இடித்து உதிர்த்தாள். மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் போட்டு இறக்கியபோது சோறு இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

புஷ்ரா போகிற போக்கில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, நீங்க வான்கோழி சாப்பிடுவீங்களா?"

சமையலறையில் ஜாஸ்மின் அவசரமாக வாணலியை மூடினாள்.

"சீ! எங்க மாமா ரெட்ஹில்ஸ்ல கூட்டம் கூட்டமா வளத்தாரு. சின்ன வயசுல ஒண்ணு என்னைத் தெரு முழுக்கத் தொரத்திச்சு. செத்தாலும் அத்த வாயில வைக்க மாட்டேன்."

"நல்ல கொள்கைண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் தன் வீட்டுக்கு ஓடிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் தேசம்மா வந்து சேர்ந்தாள். "இன்னாமா, வாசனை படிக்கட்டு வரிக்கும் தூக்குது!" என்றபடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

முதல் வாயைப் பிரசாத் போட்டான். மென்றான். கண்ணை மூடினான். ஜாஸ்மின் ஜெபம் பண்ணத் தொடங்கினாள்.

"அம்மா, இதாம்மா! இதான் சுறா! உன் கைப் பக்குவம் அப்டியே கீதும்மா!"

அதற்குப் பிறகு அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாணலி காலியாகிற வேகத்தைப் பார்த்தால் பேசவும் நேரமில்லை.

தேசம்மாவும் ஒரு வாய் போட்டாள். ஆயுசு முழுக்க மீனோடு புழங்கியவள். மெதுவாக மென்றாள். வாணலியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். ஜாஸ்மின் தன் தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நல்லா கீது," என்றாள் தேசம்மா கடைசியில். "அப்புறம் நான் எதுக்கு இங்க வரணும்? என் கடைய எவன் பாப்பான்? நைனா, போய் ரஸ்தாளிப் பழம் வாங்கினு வா."

"பிரிட்ஜ்ல பழம் கீதும்மா."

"அது மோரிஸு. எனுக்கு ரஸ்தாளி வோணும். போடா."

பிரசாத் ஏப்பம் விட்டபடி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். தேசம்மா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி, கதவில் சாய்ந்து நின்றாள்.

"எண்ணெய்ல இன்னா கருவாடு போட்ட?"

ஜாஸ்மின் அழுதேவிட்டாள். "நெத்திலி, அத்தை. மன்னிச்சிடுங்க. எங்க தேடியும் சுறா கிடைக்கல. அவரு வேற நீங்க இங்கயே வந்துடுவீங்கன்னு..."

"ஏன் அழுவுற? வித்தா துட்டு வர்ற சுறாவ எவளாவது வூட்டுல ஆக்குவாளா? எங்கண்ணன் ஓசில குடுத்த வான்கோழியத்தான் இவனுக்குச் சுறான்னு ஆக்கிப் போட்டு வளத்தேன். அடுத்த தபா மட்டும் நெத்திலி வோணாம், வாளைக் கருவாடு போடு," என்றபடி, மகன் போன கதவுக்குத் தாழ்ப்பாளைப் போட்டாள் தேசம்மா.