சுவர் மேல் நெத்திலி

இதைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்குப் பயம்தான். கொஞ்சம் பிசகினால் பக்கத்து வீட்டு பெர்னார்ட் அண்ணன் கெட்டவராகிவிடுவார்.

என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகிறது. அமாவாசைதோறும் விரதம் இருந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் இலை போட்டுச் சோறு வைப்பேன். காக்கா எடுத்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். காக்காவாக வருவது அவர்தான் என்று நம்பிக்கை.

போன அமாவாசை அன்று இலையோடு வெளியே வந்தேன். அதே சுவரில் அண்ணன் நெத்திலிக் கருவாட்டைத் தூவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது? இன்னிக்கு அமாவாசைனு தெரியாதா?"

கையைப் பின்னால் மறைத்தார். "காக்காவுக்குத்தான், கலா."

"செத்தா எங்க போறோம்னு யாருக்கும் தெரியாதுன்னு பேசுற ஆளு நீங்க. நம்பாட்டிப் போங்க. எங்க விரதத்துல எதுக்குக் கவுச்சி?"

"கோவிச்சுக்காத, கலா. மொத அமாவாசைக்குக் காக்காவே வரல. இனிப்பு நீர் வியாதிய வச்சிக்கிட்டு, பச்சத் தண்ணிகூட குடிக்காம நின்னு, இங்கதான விழுந்த? நானும் உன் மக தினேஸ்வரியும்தான் தூக்கினோம். அதுலேர்ந்து தெனமும் போட்டுப் பழக்கி வச்சிருக்கேன்."

"அப்ப, இத்தன மாசம் வந்தது அவரு இல்லையா?"

"தெரியலம்மா. நெத்திலிக்கு வந்துச்சா, உன் சோத்துக்கு வந்துச்சா, இல்ல அவரேதான் வந்தாரா. என் பொண்டாட்டி மேரி போனதுலேர்ந்து நானும் யோசிச்சுப் பாக்குறேன். ஒண்ணும் பிடிபடல."

"இனிமே போடாதீங்க."

"சரி."

சுவரைக் கழுவி இலையை வைத்தேன். காக்கா வந்தது. சோற்றைப் பார்த்தது, காலிச் சுவரைப் பார்த்தது, போய்க் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்துகொண்டது.

மதியம் தாண்டியது. அது இறங்கவே இல்லை.

"அம்மா, சாப்பிடும்மா. மறுபடி விழுந்துடாத" என்று தினேஸ்வரி கெஞ்சினாள். எனக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அடுப்படியில் டப்பாவைத் திறந்தேன். எதுக்கும் இருக்கட்டும் என்று, இலைச் சோற்றுக்கு அடியில் ஒரு பிடி நெத்திலியை மறைத்து வைத்தேன்.

அவருக்கும் அது பிடிக்கும்.